டாக்புக்கில் தலைப்புப் பக்கம்: எதைத் தொட வேண்டும், எதைத் தொடக் கூடாது

'தாமிரபரணிக் கால்வாய்கள்' என்று ஒரு கையேடு தயாராகிறது என்று வைத்துக்கொள்வோம். கோடகன் கால்வாய்க்கு ஓர் அத்தியாயம், பாளையங்கால்வாய்க்கு ஒன்று, கன்னடியனுக்கு ஒன்று. எல்லாம் எக்ஸ்எம்எல்லில், டாக்புக் குறிகளோடு ஒழுங்காக இருக்கிறது. (நூலின் பகுதிகளைத் தலைப்பு, அத்தியாயம் என்று பெயரிட்டுக் குறிக்கும் முறைதான் டாக்புக்.) பிடிஎஃப் எடுத்துப் பார்த்தால் உடல் எழுத்தில் குறை இல்லை. முதல் பக்கம் தொடங்கித் தலைப்பு வர வேண்டிய இடங்களில் மட்டும் வரிசையாக '########'. எழுத்துருவைச் சரிசெய்ததும் தலைப்பு வந்துவிடுகிறது. ஆனால் 'முதல் பதிப்பு' என்று எழுதி வைத்தது எங்கேயும் காணோம். "உள்ளே எல்லாம் நல்லாருக்கு, முன்பக்கத்தை மட்டும் கொஞ்சம் மாத்திக் கொடுங்க அண்ணாச்சி" என்று கையேடு கேட்டவர் சொல்லிவிட்டுப் போய்விடுவார். அந்தக் 'கொஞ்சம்'தான் இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களை இரண்டு நாள் சுற்ற விடும்.

சுற்றுவதற்குக் காரணம் ஒன்றுதான். தலைப்புப் பக்கத்தில் என்ன வரும் என்பதை ஆவணமும் முடிவு செய்வதில்லை, அதைப் பிடிஎஃப்பாகவோ எச்டிஎம்எல்லாகவோ மாற்றும் விதிகள் கொண்ட ஸ்டைல்ஷீட்டும் நேரடியாக முடிவு செய்வதில்லை. நடுவில் மூன்றாவதாக ஒரு பட்டியல் இருக்கிறது. அது இருப்பதே பலருக்குத் தெரியாது.

கல்யாண வீட்டுப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். நூலின் தலைப்பு, ஆசிரியர், பதிப்பு, உரிமை, வெளியிட்டவர் எல்லாம் ஆவணத்தின் 'இன்ஃபோ' என்ற உறுப்புக்குள் கிடக்கும். அது உக்கிராண அறை. இலையில் எது, எந்த வரிசையில் விழும் என்பது சமையல்காரரான தவசுப்பிள்ளை கையில் இருக்கும் சீட்டைப் பொறுத்தது. உக்கிராணத்தில் மூட்டை மூட்டையாக இருந்தாலும் சீட்டில் இல்லாத பண்டம் இலைக்கு வராது. சீட்டில் சொதி என்று எழுதியிருந்து, வீட்டில் தேங்காயே வாங்கவில்லை என்றால் சொதி இல்லாமலே பந்தி நடந்துவிடும். இலையில் காலி இடம்கூட விடமாட்டார்கள். டாக்புக்கும் அப்படியே. பட்டியலில் இல்லாதது அச்சாகாது. பட்டியலில் இருந்தும் இன்ஃபோவில் இல்லாதது சத்தமில்லாமல் விடப்படும். 'முதல் பதிப்பு' காணாமல் போனதற்குக் காரணம், அது பட்டியலில் இல்லாததுதான்.

அந்தச் சீட்டின் பெயர் 'டைட்டில்பேஜ்.டெம்ப்ளேட்ஸ்.எக்ஸ்எம்எல்'. (இங்கே கோப்புப் பெயர்களையும் குறிகளையும் உச்சரிப்பின்படி தமிழில் எழுதுகிறோம். கணினியில் தட்டும்போது அத்தனையும் ஆங்கிலச் சிற்றெழுத்து. புள்ளி உள்ள இடத்தில் புள்ளி, சிறுகோடு உள்ள இடத்தில் சிறுகோடு.) டாக்புக்குக்கான ஸ்டைல்ஷீட்டுகள் அடங்கிய 'டாக்புக் எக்ஸ்எஸ்எல்' தொகுப்பைப் பிரித்தால் பிடிஎஃப்புக்கான 'எஃப்ஓ' அடைவில் ஒன்றும் 'எச்டிஎம்எல்' அடைவில் ஒன்றுமாக இரண்டு இருக்கும். இரண்டும் தனித்தனி. ஒன்றைத் திருத்தினால் மற்றது மாறாது.

பக்கத்திலேயே 'டைட்டில்பேஜ்.டெம்ப்ளேட்ஸ்.எக்ஸ்எஸ்எல்' என்று கடைசி மூன்று எழுத்து மட்டும் மாறிய இன்னொரு கோப்பும் கிடக்கும். கை முதலில் அதைத்தான் திறக்கும். திறக்கலாம், திருத்தக் கூடாது. அது பட்டியலிலிருந்து இயந்திரம் எழுதிக் கொடுத்த கோப்பு. அடுத்த முறை உருவாக்கும்போது உங்கள் திருத்தம் அழிந்துபோகும். ஆயிரக்கணக்கான வரிகளில் ஒரே மாதிரித் துண்டுகள் திரும்பத் திரும்ப வருவதால், எதை மாற்றினோம் என்று நினைவு வைத்திருக்கவும் முடியாது.

பட்டியலைத் திறந்தால் நூல், கட்டுரை, பகுதி, அத்தியாயம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு 'டி:டைட்டில்பேஜ்' உறுப்பு இருக்கும். எது எதற்கு என்பதை அதன் 'டி:எலிமெண்ட்' பண்பு சொல்லும். நமக்கு வேண்டியது 'புக்' என்று போட்டிருப்பது. அதற்குள் 'டி:டைட்டில்பேஜ்-கன்டென்ட்' இரண்டு முறை வரும்: 'டி:சைடு' பண்பில் ஒன்றுக்கு ரெக்டோ, மற்றதற்கு வெர்சோ. ரெக்டோ என்பது விரித்த புத்தகத்தின் வலப்பக்கம், அதாவது தலைப்புப் பக்கமே. வெர்சோ அதே தாளின் முதுகு. நம் புத்தகங்களில் பதிப்பு விவரம், உரிமை, விலை, அச்சிட்டோர் பெயர் வரும் பக்கம்.

ரெக்டோவுக்குள் 'டைட்டில்', 'சப்டைட்டில்', 'ஆதர்குரூப்', 'ஆதர்' என்று வரிசையாக வெற்று உறுப்புகள் இருக்கும். இந்த வரிசையே அச்சில் வரும் வரிசை. ஆசிரியர் பெயர் தலைப்புக்கு மேலே வர வேண்டுமா? அந்த ஒரு வரியை வெட்டி மேலே ஒட்டினால் போதும். ஆவணத்தில் எழுதிய வரிசைப்படியே வரட்டும் என்றால் 'டி:ஆர்டர்' பண்பில் 'டாக்குமெண்ட்' என்று கொடுக்கலாம். ஆனால் இன்ஃபோவை ஆளுக்கொரு வரிசையில் எழுதுவார்கள் என்பதால் அதை நம்பி இறங்காமல் இருப்பதே நல்லது.

ஒவ்வொரு வெற்று உறுப்பிலும் அலங்காரப் பண்புகள் இருக்கும். நடுவில் நிறுத்த 'டெக்ஸ்ட்-அலைன்', எழுத்தின் அளவுக்கு 'ஃபான்ட்-சைஸ்', தடிமனுக்கு 'ஃபான்ட்-வெயிட்', மேலே விடும் இடத்துக்கு 'ஸ்பேஸ்-பிஃபோர்'. அளவு 'எச்சைஸ்5' என்று ஒரு சுருக்கப் பெயராக இருப்பதைப் பார்த்துத் திகைக்க வேண்டாம். கோப்பின் தலையில் உள்ள டாக்டைப் பகுதியில் அந்தப் பெயர்களுக்கு மதிப்பு கொடுத்திருக்கிறார்கள்: எச்சைஸ்0 என்றால் 10 பாயிண்ட், பிறகு ஒவ்வொரு படிக்கும் 1.2 மடங்காக 12, 14.4, 17.28, 20.736, 24.8832. தேவையில்லாததைக் கழிக்கிறேன் என்று அந்த டாக்டைப் பகுதியையும் சேர்த்து வெட்டிவிட்டால், எச்சைஸ்5 வரையறுக்கப்படவில்லை என்ற பிழையோடு எல்லாம் நின்றுவிடும்.

இந்த 24.88 பாயிண்ட் நமக்குப் பொருந்துமா என்று முதலிலேயே கணக்குப் போடுங்கள். டெம்மி அளவில் பக்க அகலம் ஐந்தரை அங்குலம். இருபுறமும் ஓர் அங்குலம் விட்டால் மிச்சம் மூன்றரை அங்குலம், 252 பாயிண்ட். தமிழ் எழுத்து ஒன்று ஏறக்குறைய தன் உயரத்தளவு அகலம் பிடிக்கும் என்று வைத்தால் வரிக்குப் பத்து எழுத்து. 'தெற்கு கோடைமேலழகியான் கால்வாய்' மூன்று வரியாக உடையும். 'கோடைமேலழகியான்' ஒரே சொல்லாக இருப்பதால் அதை உடைக்கவும் வழியில்லை. வரியை முட்டிக்கொண்டு நிற்கும். தமிழ்த் தலைப்புகளுக்கு எச்சைஸ்4-இல் தொடங்குவது பாதுகாப்பு. தாள் அளவையும் கையோடு பார்த்துவிடுங்கள். 'பேப்பர்.டைப்' அளபுரு (ஸ்டைல்ஷீட்டில் நாம் மாற்றக்கூடிய அமைப்பு) தானாக அமெரிக்க லெட்டர் அளவில்தான் இருக்கும். ஏ4 என்று மாற்ற வேண்டும். டெம்மி என்றால் 'பேஜ்.விட்த்', 'பேஜ்.ஹைட்' இரண்டையும் நேரடியாகக் கொடுக்க வேண்டும்.

இனி செய்முறை. எஃப்ஓ அடைவில் உள்ள பட்டியலை உங்கள் வேலை அடைவுக்கு நகலெடுத்து வேறு பெயர் வையுங்கள், 'என்பட்டியல்.எக்ஸ்எம்எல்' என்று வைத்துக்கொள்வோம். தொகுப்பில் இருக்கும் மூலத்தில் கை வைக்காதீர்கள், அடுத்த புதுப்பிப்பில் போய்விடும். நகலில் வேர் உறுப்பையும் டாக்டைப்பையும் வைத்துக்கொண்டு, 'புக்'குக்கான டி:டைட்டில்பேஜ் தவிர மற்றவற்றை நீக்கிவிடலாம். நீங்கள் சொல்லாதவற்றுக்குப் பழைய ஏற்பாடே தொடரும். திருத்தி முடித்ததும், ஸ்டைல்ஷீட்டை இயக்கும் 'எக்ஸ்எஸ்எல்டிபிராக்' கட்டளையை ஓட்ட வேண்டும். வெளியீட்டுக்கு 'என்பட்டியல்.எக்ஸ்எஸ்எல்', ஸ்டைல்ஷீட்டாகத் தொகுப்பின் 'டெம்ப்ளேட்' அடைவில் உள்ள 'டைட்டில்பேஜ்.எக்ஸ்எஸ்எல்', உள்ளீடாக நீங்கள் திருத்திய பட்டியல். எக்ஸ்எம்எல்லை ஸ்டைல்ஷீட்டாக மாற்றும் ஸ்டைல்ஷீட் இது. முதல் முறை கேட்கும்போது தலை சுற்றும். இரண்டாம் முறை பழகிவிடும்.

வெளிவந்த கோப்பை உங்கள் சொந்த ஸ்டைல்ஷீட்டில் சேர்க்க வேண்டும். அதன் முதல் வரியாக 'எக்ஸ்எஸ்எல்:இம்போர்ட்' மூலம் தொகுப்பின் எஃப்ஓ அடைவிலுள்ள 'டாக்புக்.எக்ஸ்எஸ்எல்', அதற்குக் கீழே 'எக்ஸ்எஸ்எல்:இன்க்ளூட்' மூலம் உங்கள் கோப்பு. இந்த வரிசை முக்கியம். இம்போர்ட் எப்போதும் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் வர வேண்டும் என்பது எக்ஸ்எஸ்எல்டி விதி; மாற்றிப் போட்டால் பிழை காட்டும். இரண்டையுமே இம்போர்ட்டாகப் போட்டால் பிழை வராது, ஆனால் கடைசியாக வந்ததே ஜெயிக்கும். உங்கள் கோப்பு முதலிலும் டாக்புக் பிறகும் இருந்தால், தொகுப்பின் பழைய பக்கமே ஆடாமல் அசையாமல் வந்து நிற்கும்.

எதைத் திருத்தினாலும் எதுவும் மாறவில்லை என்று புலம்புவோரில் பெரும்பாலோர் செய்திருப்பது இதைவிடச் சாதாரணமான தப்பு. பட்டியலைத் திருத்திவிட்டு, கோப்பை மறுபடி உருவாக்காமல் நேரே பிடிஎஃப்புக்குப் போயிருப்பார்கள். இதை மனித ஞாபகத்திடம் விடக் கூடாது. கட்டளைகளைத் தானாக ஓட்டும் 'மேக்' கருவியின் கோப்பில் ஒரு விதி எழுதி வைத்தால், பட்டியல் மாறிய ஒவ்வொரு முறையும் தானாக உருவாக்கிக்கொள்ளும்.

அடுத்த வலை பெயர்வெளி, அதாவது ஓர் உறுப்பு எந்தக் குறித்தொகுதியைச் சேர்ந்தது என்று காட்டும் அடையாளம். டாக்புக் 5 ஆவணங்களுக்குப் பெயர்வெளி உண்டு, 4-க்குக் கிடையாது. ஸ்டைல்ஷீட் தொகுப்பும் அதற்கேற்ப இரண்டு வகையாகக் கிடைக்கிறது. பட்டியலை எந்தத் தொகுப்பிலிருந்து எடுத்தீர்களோ அதே தொகுப்பின் டைட்டில்பேஜ்.எக்ஸ்எஸ்எல்லைக்கொண்டுதான் உருவாக்க வேண்டும். கலந்துவிட்டால் ஒரு தரப்பு 'டி:டைட்டில்' என்று முன்னொட்டோடு தேடும், மறு தரப்பு வெறும் 'டைட்டில்' என்று தேடும். (இந்த டி டாக்புக்கின் டி; பட்டியலில் வரும் டி டெம்ப்ளேட்டின் டி. ஆங்கிலத்தில் வேறு வேறு எழுத்து. தமிழில் ஒன்றாகிவிடுவது நம் தலைவிதி.) பிழைச் செய்தி ஒன்றும் வராது. தலைப்புப் பக்கம் வெறுமையாக இருக்கும், அவ்வளவுதான்.

பட்டியலில் 'எடிஷன்' என்று ஒரு வரி சேர்த்தாயிற்று, இன்ஃபோவில் 'முதல் பதிப்பு' என்று எழுதியிருக்கிறது. அச்சில் பார்த்தால் அதன் வாலில் பதிப்பு என்ற சொல் இன்னொரு தடவை, பெரும்பாலும் ஆங்கிலத்தில், ஒட்டிக்கொண்டு வரும். எடிஷன் உறுப்புக்கு அந்தச் சொல்லைத் தானாகச் சேர்க்கும்படி ஸ்டைல்ஷீட்டில் எழுதியிருக்கிறார்கள். எண் மட்டும் கொடுப்பார்கள் என்ற எண்ணம். ஆவணத்தின் வேர் உறுப்பில் மொழியைத் தமிழ் என்று குறித்தால், சொல் தொகுப்பின் தமிழ் மொழிக் கோப்பிலிருந்து வரும். அப்போதும் இரட்டிப்பு போகாது. 'புக்.டைட்டில்பேஜ்.ரெக்டோ.மோட்' என்ற மோடில் எடிஷனுக்கு ஒரு சிறு டெம்ப்ளேட் (ஓர் உறுப்பை எப்படி அச்சிடுவது என்று சொல்லும் விதி) எழுதி, உள்ளே இருப்பதை மட்டும் அச்சிடச் சொல்வதே தீர்வு. முனைவர் பட்டம் பெற்றவர்கள் பெயரிலும் இதே தொல்லை உண்டு. 'ஹானரிஃபிக்' உறுப்பில் முனைவர் என்று எழுதினால் 'முனைவர்.' என்று புள்ளி வைத்துவிடும். ஆங்கிலச் சுருக்கத்துக்காக வைத்த புள்ளி அது. 'பங்க்ட்.ஹானரிஃபிக்' அளபுருவை வெறுமையாக்கினால் போகும். முன்னெழுத்தை 'ஃபர்ஸ்ட்நேம்' உறுப்பிலும் பெயரை 'சர்நேம்' உறுப்பிலும் போட்டால் நாம் எழுதுகிற வரிசையிலேயே வரும். உறுப்பின் பெயர் பொருந்தவில்லையே என்று மனம் சங்கடப்பட வேண்டாம்.

தலைப்பைக் கொஞ்சம் கீழே இறக்க வேண்டும் என்று ஸ்பேஸ்-பிஃபோரில் இரண்டு அங்குலம் கொடுப்பார்கள். தலைப்பு நகராது. மூன்று கொடுப்பார்கள், அப்போதும் நகராது. பக்க அமைப்பைச் சொல்லும் எக்ஸ்எஸ்எல் எஃப்ஓ தரப்படி, பக்கத்தின் உச்சியில் வரும் முதல் துண்டுக்கு மேலே விட்ட வெற்றிடம் கழிக்கப்படும். 'ஸ்பேஸ்-பிஃபோர்.கண்டிஷனாலிட்டி' என்ற பண்பைச் சேர்த்து 'ரீடெய்ன்' என்று கொடுத்தால்தான் அந்த இடம் நிற்கும். பட்டியலில் தலைப்பு வரியிலேயே இதை எழுதலாம்.

வெர்சோ வேண்டாம் என்றால் அந்தப் பட்டியலைக் காலி செய்தால் மட்டும் போதாது. நடுவில் ஒரு வெற்றுப் பக்கம் வந்து விழும். வெர்சோவுக்கு முன்னால் பக்கத்தை உடைக்கும் வேலை 'புக்.டைட்டில்பேஜ்.பிஃபோர்.வெர்சோ' என்ற தனி டெம்ப்ளேட்டில் இருக்கிறது. அதையும் உங்கள் ஸ்டைல்ஷீட்டில் வெறுமையாக எழுதி மேலெழுத வேண்டும். ஆனால் ஒன்று: ஐஎஸ்பிஎன், உரிமை, அச்சக விவரம் எல்லாம் எங்கே போகும் என்று யோசித்துவிட்டு வெர்சோவை நீக்குங்கள்.

இடப்பக்கம் சின்னம், வலப்பக்கம் தலைப்பு, அடியில் கோடு என்று கட்டம் போட்ட பக்கம் வேண்டுமானால் பட்டியல் தாங்காது. அது மேலிருந்து கீழாக அடுக்க மட்டுமே தெரிந்தது. அப்போது 'புக்.டைட்டில்பேஜ்.ரெக்டோ' என்ற டெம்ப்ளேட்டையே கையால் எழுதி, உள்ளே எஃப்ஓ அட்டவணை போட வேண்டும். இதில் ஓர் எச்சரிக்கை. நூலின் தலைப்பு சில ஆவணங்களில் இன்ஃபோவுக்குள் இருக்கும், சிலவற்றில் 'புக்'குக்கு நேர் கீழே இருக்கும். இயந்திரம் எழுதிய டெம்ப்ளேட் இரண்டு இடத்திலும் தேடும்; கையால் எழுதுபவர் ஒன்றை மறந்துவிடுவார். அவருடைய ஆவணத்தில் சரியாக வரும், அடுத்தவர் ஆவணத்தில் தலைப்பு காணாமல் போகும்.

இப்போது '####' விஷயம். பிடிஎஃப் உருவாக்கும் எஃப்ஓபி நிரலுக்கு எழுத்துருவில் ஓர் எழுத்து கிடைக்காவிட்டால் அந்த இடத்தில் # போடும். உடல் எழுத்து சரியாக இருந்து தலைப்புகள் மட்டும் # ஆனது ஏன்? உடல் எழுத்துக்கு 'பாடி.ஃபான்ட்.ஃபேமிலி', தலைப்புக்கு 'டைட்டில்.ஃபான்ட்.ஃபேமிலி' என்று இரண்டு அளபுருக்கள். முதலாவதைத் தமிழ் எழுத்துருவுக்கு மாற்றியவர் இரண்டாவதை மறந்திருப்பார். இரண்டையும் 'நோட்டோ சான்ஸ் தமிழ்' போன்ற ஒன்றுக்கு மாற்றி, எஃப்ஓபியின் அமைப்புக் கோப்பில் எழுத்துருக்களைத் தானாகக் கண்டறியும் 'ஆட்டோ-டிடெக்ட்' வரியைச் சேர்த்து, அந்தக் கோப்பைக் கட்டளையில் 'சி' விருப்பத்தோடு கொடுக்க வேண்டும். தலைப்பு தடித்த எழுத்தில் வருவதால் எழுத்துருவின் தடித்த வடிவமும் நிறுவப்பட்டிருக்கட்டும்.

# போய்விட்டால் வேலை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். 'கோ' என்பது கணினிக்குள் ககரமும் அதன் பின்னால் ஓகாரக் குறியும். திரையில் அந்தக் குறி ககரத்தின் இருபுறமும் பிரிந்து நிற்க வேண்டும். 'மே' என்றால் குறி முன்னால் வர வேண்டும். இந்த இடமாற்றத்தைப் பிடிஎஃப் செய்யும் நிரல்தான் செய்தாக வேண்டும். எஃப்ஓபியில் சிக்கலான எழுத்துமுறைகளுக்கான ஆதரவு 1.1 பதிப்போடு, 2012-இல் வந்தது. ஆனால் எல்லா மொழிக்கும் ஒரே தரத்தில் இல்லை. உங்கள் பதிப்பும் உங்கள் எழுத்துருவும் சேர்ந்து என்ன செய்கின்றன என்று சோதித்துப் பாருங்கள். சோதனைச் சொல்லுக்கு நம் ஊரில் பஞ்சமா? 'கோடைமேலழகியான்' என்பதில் கோ, டை, மே மூன்றும் வந்துவிடும். 'ஸ்ரீவைகுண்டம்' என்பதில் ஸ்ரீ ஒரே வடிவாக இணைகிறதா என்று தெரியும், வை-யும் சோதனையாகிவிடும். இந்த இரண்டும் சுத்தமாக வந்தால் மற்றவை பெரும்பாலும் வரும்.

டிடிபி சென்டரில் பாமினியிலோ வானவில்லிலோ தட்டிய தலைப்பை அப்படியே ஒட்டினால், எக்ஸ்எம்எல்லில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் நிற்கும். அது எழுத்துரு மாற்றிச் சரியாகிற காரியம் அல்ல. யூனிகோடுக்கு மாற்றி, கோப்பை யுடிஎஃப்-8 ஆகச் சேமிக்க வேண்டும்.

எஃப்ஓபி கடைசிவரை மசியவில்லை என்றால், எச்டிஎம்எல் எடுத்து உலாவியிலிருந்து அச்சிடும் வழி இருக்கிறது. உலாவிகள் தமிழைச் சரியாகவே அடுக்குகின்றன. எச்டிஎம்எல்லில் தலைப்புப் பக்கம் 'டைட்டில்பேஜ்' என்ற வகுப்புள்ள ஒரு 'டிவ்'வாக வரும். அளவு, நிறம், இடைவெளி எல்லாம் சிஎஸ்எஸ்ஸிலேயே முடிந்துவிடும். அடியில் வரும் கோடு வேண்டாமென்றால் 'புக்.டைட்டில்பேஜ்.செப்பரேட்டர்' டெம்ப்ளேட்டை வெறுமையாக்குங்கள். தலைப்புக்குப் பிறகு பக்கத்தை உடைக்கச் சொல்லும்போது மட்டும் கவனம். அத்தியாயத்துக்கும், அதற்குள் வரும் சிறு பிரிவுக்கும்கூட அதே வகுப்புப் பெயர்தான். வகுப்பை மட்டும் குறிப்பிட்டால் ஒவ்வொரு துணைத்தலைப்பும் தனித்தனிப் பக்கம் பிடித்து, நாற்பது பக்கக் கையேடு இருநூறைத் தாண்டும். 'புக்' வகுப்புள்ள டிவ்வின் நேரடிப் பிள்ளையான டைட்டில்பேஜ் என்று சுட்டி எழுத வேண்டும்.